ஒன்று குறைந்த மீன்கள்



ஒரே ஒரு செல்லிலிருந்து ஒரு முழு உடல் எப்படி உருவாகிறது என்பது மிகப் பழைய கேள்வி. கோழி முட்டைகளை வெவ்வேறு நாட்களில் உடைத்துப் பார்த்து அரிஸ்டாட்டில் எழுதிவைத்த குறிப்புகள் இன்றும் இருக்கின்றன. இதயத்தை, துடிக்கும் ஒரு சிவப்புப் புள்ளியாக அவர் பார்த்திருக்கிறார். அந்தப் புள்ளியைத் துடிக்கவைப்பது எது என்று தேடிப் போக அவரிடம் வழி இல்லை. அந்த வழி கிடைக்க இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதைத் திறந்துவிட்ட உயிரினங்களில் ஒன்றைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குப் போனவர்கள் அதைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். சுண்டுவிரல் நீளம், உடம்பில் நீளவாக்கில் கருநீலக் கோடுகள், ஓரிடத்தில் நிற்காத துறுதுறுப்பு. கடைக்காரர்கள் அதை ஜீப்ரா மீன் என்பார்கள்.

அது நம் துணைக்கண்டத்து மீன். கங்கை, பிரம்மபுத்திரா ஆறுகளை ஒட்டிய ஓடைகளிலும் வயல் வாய்க்கால்களிலும் வாழ்வது. கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் ஹாமில்டன் 1822இல் வெளியிட்ட கங்கை மீன்கள் பற்றிய நூலில்தான் அது முதன்முதலாக அறிவியல் பெயர் பெற்றது. பிறகு தொட்டி மீனாக உலகம் சுற்றி, கடைசியில் ஆய்வகத்துக்குள் நுழைந்தது.

ஏன் இந்த மீன்? ஆய்வக மீன் அறையின் ஒரு காலைப்பொழுதைச் சொன்னால் உங்களுக்கே விளங்கும். முந்தைய மாலை ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் சிறு பெட்டியில் விட்டு, நடுவே கண்ணாடித் தடுப்பு வைத்துவிடுவார்கள். காலையில் விளக்கு எரிந்ததும் தடுப்பை எடுத்தால் ஆண் துரத்தத் தொடங்கும். சற்று நேரத்தில் நூறு, இருநூறு முட்டைகள் பெட்டியின் சல்லடைத் தட்டு வழியாகக் கீழே இறங்கிக் கிடக்கும். சல்லடை இல்லாவிட்டால் பெற்ற மீன்களே அவற்றைத் தின்றுவிடும். ஒவ்வொரு முட்டையும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கண்ணாடி போலத் தெளிவு. நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் மஞ்சள் கருவின் மேல் ஒரு சிறு மேடாக அந்த முதல் செல் தெரியும். 28.5 டிகிரி வெப்பத்தில் முக்கால் மணி நேரத்தில் அது இரண்டாகும். பிறகு ஏறக்குறைய 15 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். மூன்று மணி நேரத்தில் ஆயிரம் செல்கள். பத்து மணி நேரத்தில் தலை எது, வால் எது என்று தெரிந்துவிடும். பிறகு முதுகின் இரு பக்கமும் தசைக் கட்டங்கள் அரை மணிக்கு ஒரு ஜோடியாக, முன்னிருந்து பின்னாக வரிசை பிடித்து உருவாகும். 24 மணி நேரத்தில் இதயம் துடிக்கத் தொடங்கும். ஐந்தாம் நாள் அது இரை தேடி நீந்தும். இவ்வளவும் உங்கள் கண் எதிரே, முட்டையை உடைக்காமல், கருவைத் தொடாமல் நடக்கும். சுண்டெலியில் இதே கட்டங்கள் தாயின் வயிற்றுக்குள் மறைவாக நடந்துவிடுகின்றன.

பார்ப்பதற்கு இவ்வளவு அழகாக இருந்தாலும், பார்த்துக்கொண்டே இருப்பதால் காரணம் தெரியாது. ஒரு கல்யாண சமையற்கட்டை எட்டி நின்று பாருங்கள். நாற்பது பேர் ஓடியாடுவார்கள். யார் எதைச் செய்கிறார் என்று ஒரு நாள் முழுக்க நின்றாலும் பிடிபடாது. ஒருவர் வேலைக்கு வராத அன்று பந்தியில் ரசம் வரவில்லை என்றால், வராதவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அப்போதே தெரிந்துவிடும். மரபணு ஆராய்ச்சியின் மிக வலுவான முறை இதுதான். ஒரு மரபணுவைக் கெடுத்துவிடு. கருவில் என்ன குறைகிறது என்று பார். குறைந்த அந்த வேலைதான் அந்த மரபணுவின் வேலை.

இந்த முறையின் உயிர் எங்கே இருக்கிறது தெரியுமா? எந்த மரபணுவைக் கெடுக்க வேண்டும் என்று ஆய்வாளர் தீர்மானிப்பதில்லை. கண்மூடித்தனமாக எங்கேயோ கெடுத்துவிட்டு, எந்தக் கரு நமக்குப் புதிதாக ஒன்றைச் சொல்கிறது என்று காத்திருக்கிறார். தனக்குத் தெரிந்ததை மட்டும் சோதிப்பவருக்குத் தெரிந்தது மட்டுமே கிடைக்கும். இங்கே கேள்வியையே கருதான் கேட்கிறது. இன்று என் பேச்சில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

மீனில் இதைத் தொடங்கிவைத்தவர் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர். 1927இல் புடாபெஸ்டில் பிறந்தவர். யூதர்களுக்கு எதிரான அபாயம் நெருங்கியபோது குடும்பத்தோடு நியூயார்க் வந்து சேர்ந்தார். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களின் மரபியலில் பெயர் பெற்ற பிறகு, முதுகெலும்புள்ள ஓர் உயிரியில் நரம்பு மண்டலம் எப்படி அமைகிறது என்று அறிய விரும்பினார். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, கடையில் விற்கும் இந்த மீனைத் தேர்ந்தெடுத்தார். அன்று மீன் மரபியல் என்று ஒரு துறையே இல்லை. பல ஆண்டுகள் பெரிதாக எதையும் வெளியிடாமல், முறைகளை மட்டும் உருவாக்கிக்கொண்டிருந்தார். இன்றைய பல்கலைக்கழகச் சூழலில் ஒருவருக்கு இந்த அவகாசம் கிடைக்குமா என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

அவர் கண்ட முறை நுட்பமானது. நம் எல்லோருக்கும் ஒவ்வொரு மரபணுவும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு படிகளாக இருக்கிறது. ஒரு படி கெட்டாலும் பெரும்பாலும் மற்றது சமாளித்துவிடும். குறை வெளியே தெரியாது. ஸ்ட்ரைசிங்கர் விந்தணுக்களைப் புறஊதாக் கதிரில் வைத்து அவற்றின் டி.என்.ஏ.வைச் செயலிழக்கச் செய்தார். அந்த விந்தணு முட்டையை எழுப்பும். ஆனால் தந்தையின் மரபணு எதையும் கொடுக்காது. தாயின் ஒற்றைப் படியை மட்டும் கொண்ட அந்தக் கரு சில நாட்கள் வளரும். அதில் கெட்டுப்போன மரபணு எதுவும் ஒளிந்துகொள்ள முடியாது. முட்டையைச் சரியான நிமிடத்தில் சூடுபடுத்தியோ அழுத்தத்துக்கு உட்படுத்தியோ ஒரு செல்பிரிவைத் தடுத்தால், ஒற்றைப் படி இரட்டிப்பாகி, தாயின் மரபணுக்களை மட்டும் கொண்ட முழு மீனே வளர்ந்துவிடும். இதை 1981இல் நேச்சர் இதழில் வெளியிட்டார். மூன்றே ஆண்டுகளில், தம் 56ஆம் வயதில் மறைந்தார். அதே பல்கலைக்கழகத்தில் இருந்த சார்ல்ஸ் கிம்மல் முதலியோர் அந்த வேலையைக் கீழே விழாமல் தாங்கிப் பிடித்தார்கள்.

ஸ்ட்ரைசிங்கரின் தொட்டிகளில் ‘கோல்டன்’ என்ற ஒரு மீன் இருந்தது. கோடுகள் கருநீலமாக இல்லாமல் வெளிறி, உடல் பொன்னிறமாகத் தெரியும். தந்தையின் மரபணு உள்ளே வரவில்லை என்பதை நிரூபிக்க அவர் அதை ஓர் அடையாளமாகப் பயன்படுத்தினார். அது வெளிறியதற்கான காரணத்தை 2005இல் பென்சில்வேனியாவில் கீத் செங் குழுவினர் கண்டுபிடித்தார்கள். எஸ்.எல்.சி.24.ஏ.5 என்ற மரபணு அதில் கெட்டிருந்தது. அதே மரபணுவின் மனித வடிவத்தை வெளிறிய மீன் கருவுக்குள் செலுத்தியபோது அதன் கறுப்பு நிறமி திரும்பியது. மனிதர்களிடையே தேடியபோது, ஐரோப்பியர்களிடம் இந்த மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதும், அவர்களுடைய தோல் வெளிறியதற்கு அது ஒரு முக்கியக் காரணம் என்பதும் தெரிந்தன. ஹைதராபாத்தில் உள்ள சி.சி.எம்.பி. ஆய்வு நிறுவனத்தினரும் எஸ்தோனிய ஆய்வாளர்களும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியர்களிடம் காணப்படும் அதே மாற்றமும் ஐரோப்பியர்களிடம் உள்ளதும் ஒரே மூதாதை மாற்றத்தின் வழி வந்தவை என்று காட்டியது. தோல் நிறத்துக்காக இந்த நாட்டில் எத்தனை பெண்கள் கண்ணீர் விட்டிருக்கிறார்கள்! அந்த வேறுபாட்டில் ஒரு பங்கு, ஒரு புரதத்தின் ஓர் அமினோ அமிலம் மாறியதால் வந்தது.

இனி ஜெர்மனிக்கு வருவோம். கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட் ஏற்கெனவே எரிக் வீஷாஸுடன் சேர்ந்து ஹைடல்பெர்க்கில் பழ ஈக்களைக் கூட்டம் கூட்டமாகப் பிறழச் செய்து, ஈயின் உடல் கண்டங்களாகப் பிரியக் காரணமான மரபணுக்களைக் கண்டுபிடித்தவர். 1980இல் வெளியான அந்த வேலைக்குத்தான் 1995இல் நோபல் பரிசு வந்தது. பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் ஈயோடு நின்றுவிடவில்லை. டியூபிங்கன் நகரில் ஏழாயிரம் தொட்டிகள் கொண்ட மீன்கூடத்தை எழுப்பி, முதுகெலும்பிகளிடம் அதே கேள்வியைக் கேட்கத் தொடங்கியிருந்தார்.

அந்த வேலையின் கணக்கைச் சொன்னால்தான் அதன் உழைப்பு புரியும். ஆண் மீன்களை ஈ.என்.யூ. என்ற வேதிப்பொருள் கலந்த நீரில் விடுவார்கள். அது விந்துச் செல்களின் டி.என்.ஏ.வில் அங்கங்கே ஓர் எழுத்தை மாற்றிவிடும். அவற்றின் பிள்ளைகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு சடுதிமாற்றங்களை ஒற்றைப் படியாகச் சுமக்கும். வெளியே எதுவும் தெரியாது. அடுத்த தலைமுறைக் குடும்பத்தில், ஒரு குறிப்பிட்ட மாற்றத்தைச் சுமப்பவை பாதி. அண்ணன் தங்கைகளைக் கண்ணை மூடி ஜோடி சேர்த்தால் இரண்டுமே சுமப்பவையாக அமைய நான்கில் ஒரு வாய்ப்பு. அப்படி அமைந்தால் அவற்றின் முட்டைகளில் கால் பங்கில் குறை வெளிப்படும். ஒரு குடும்பத்தில் ஆறு ஜோடிகளைச் சோதித்தாலும், தவறவிடும் வாய்ப்பு 18 விழுக்காடு மீதம் இருக்கும். இப்படி ஆயிரக்கணக்கான குடும்பங்கள். ஒவ்வொரு முட்டைத் தொகுதியையும் இரண்டாம் நாள், மூன்றாம் நாள், ஆறாம் நாள் என நுண்ணோக்கியில் வைத்துக் கண்ணால் பார்க்க வேண்டும். இளம் ஆய்வாளர்கள் மாதக்கணக்கில் அப்படி உட்கார்ந்து பார்த்தார்கள்.

கிடைத்தவை 4264 சடுதிமாற்றங்கள். அவற்றில் மூன்றில் இரண்டு பங்கை அவர்களே விலக்கிவிட்டார்கள். கரு முழுவதும் சுருங்கிச் செத்துப்போனால் அது எதையும் குறிப்பாகச் சொல்லாது. சமையற்கட்டில் கேஸ் தீர்ந்துபோனது போல எல்லாமே நின்றுவிட்டது என்றுதான் பொருள். மற்றதெல்லாம் ஒழுங்காக இருக்க, ஒன்று மட்டும் குறைந்த கருக்களை வைத்துக்கொண்டார்கள். அவை 1163. அவற்றுள் 894ஐத் தங்களுக்குள் கலந்து சோதித்து 372 மரபணுக்களில் அடக்கினார்கள். அவ்வளவு சிரமப்பட்டுத் தேடியதைத் துணிந்து தூக்கிப்போட்டதைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். பாஸ்டனில் வோல்ஃப்காங் டிரீவர், மார்க் ஃபிஷ்மன் முதலியோரும் அதே காலத்தில் இதே போன்ற தேடலை நடத்தினார்கள். இரு ஊர்களின் முடிவுகளும் 1996 டிசம்பரில் டெவலப்மென்ட் என்ற ஆய்விதழின் ஒரே இதழில், 37 கட்டுரைகளாக வெளிவந்தன.

இந்த மீன்களில் இரண்டை மட்டும் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, ‘சைலன்ட் ஹார்ட்’. இரண்டாம் நாள் கருவை நுண்ணோக்கியில் பார்த்தால் கண் இருக்கிறது, மூளை இருக்கிறது, வால் சுண்டி அசைகிறது. இதயமும் உரிய இடத்தில் அறைகளோடு அமைந்திருக்கிறது. ஆனால் துடிப்பு இல்லை. ஒருமுறை கூடத் துடிப்பதில்லை. இரத்த ஓட்டமே இல்லாத அந்தக் கரு சில நாட்கள் உயிரோடு இருக்கிறது. எப்படி? உடல் அவ்வளவு சிறியதாக இருப்பதால், நீரில் கரைந்த ஆக்சிஜன் தோல் வழியாகவே ஊறி உள்ளே போய்விடுகிறது. எலியின் கருவுக்கு இந்த வசதி இல்லை. இதயம் நின்றால் அதுவும் போய்விடும், குறை எங்கே தொடங்கியது என்று பிரித்தறிய நேரம் கிடைக்காது. 2002இல் டிடியர் ஸ்டெய்னியர் குழு இதன் மரபணுவைக் கண்டது: இதயத் தசையின் ட்ரோபோனின் டி. இந்தப் பெயரை இங்கே பலர் கேட்டிருப்பீர்கள். நெஞ்சுவலி என்று அவசரப் பிரிவுக்குப் போனால் இரத்தம் எடுத்து ட்ரோபோனின் பார்க்கிறார்கள் அல்லவா, அந்தக் குடும்பத்துப் புரதம்தான். மாரடைப்பில் இதயத் தசை சிதையும்போது அது இரத்தத்தில் கசிகிறது. மனிதரில் இதே மரபணு பிறழும்போது இதயச் சுவர் தடித்துப்போகும் பரம்பரை நோய் வருகிறது.

இரண்டாவது, ‘வைஸ்ஹெர்ப்ஸ்ட்’. இரத்தம் வெளிறிய மீன்களுக்கெல்லாம் ஒயின் வகைகளின் பெயர்களை வைத்தார்கள். இது ஒரு ஜெர்மானிய ஒயின். இந்தக் கருவில் இரத்தம் ஓடும், ஆனால் சிவப்பு இருக்காது. பாஸ்டனில் லெனார்ட் சோன் குழு இதைத் துருவிப் பார்த்தது. மீன் கருவுக்கு வேண்டிய இரும்பு முழுவதும் தாய் கொடுத்த மஞ்சள் கருவில் இருக்கிறது. அங்கிருந்து அது இரத்தத்துக்குள் போக வேண்டும். இந்த மீனில் இரும்பு மஞ்சள் கருவிலேயே தங்கிவிட்டது. கருவின் இரத்தக்குழாயில் இரும்பை ஊசியால் செலுத்தியபோது செல்கள் சிவந்தன. அப்படியானால் இரத்தம் தயாரிப்பதில் குறை இல்லை. இரும்பை வெளியே அனுப்புவதில்தான் குறை. அந்தக் குறையை வைத்து 2000இல் ஃபெரோபோர்ட்டின் என்ற புரதத்தைக் கண்டார்கள். அதே ஆண்டில் வேறு இரு குழுக்களும் வேறு வழிகளில் அதே புரதத்துக்கு வந்து சேர்ந்தன. செல்லுக்குள் இருக்கும் இரும்பை வெளியேற்றுவது நமக்கும் இதே புரதம்தான். கர்ப்பிணிகளுக்கு ஊர்தோறும் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம். அந்த இரும்பு குடல் செல்லைக் கடந்து இரத்தத்துக்குப் போவது ஃபெரோபோர்ட்டின் வழியாகத்தான். மறு ஆண்டே, இந்த மரபணு பிறழ்ந்ததால் உடலில் இரும்பு தேங்கும் குடும்பங்களை நெதர்லாந்திலும் இத்தாலியிலும் மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். இரும்பைப் பற்றி யோசித்து யாரும் அந்த மீனைத் தேடவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

எல்லா மீன்களும் இவ்வளவு எளிதில் வாய் திறப்பதில்லை. ‘க்ளோஷ்’ என்ற மீனில் இரத்தச் செல்களும் இரத்தக்குழாய்களும் ஒருசேர அற்றுப்போகின்றன. அதைப் பற்றிய முதல் கட்டுரை 1995இல் வந்தது. ஸ்டெய்னியர் குழு அதன் மரபணுவைப் பிடித்தது 2016இல். குரோமோசோமின் கடைக்கோடியில் அது ஒளிந்துகிடந்தது.

இப்போது கடினமான பகுதிக்கு வருகிறேன். ‘சைக்ளாப்ஸ்’ என்ற மீனுக்கு நடுவே ஒற்றைக் கண் இருக்கும். கருவில் கண்ணுக்கான பகுதி முதலில் ஒன்றாகத்தான் இருக்கிறது. அடியிலிருந்து வரும் சமிக்ஞைதான் அதை இரண்டாகப் பிரிக்கிறது. அந்தச் சமிக்ஞையைத் தூண்டும் நோடல் புரதங்களில் ஒன்றுதான் இதில் கெட்டிருக்கிறது என்று 1998இல் தெரிந்தது. அதைச் சொன்ன கட்டுரைகளுள் ஒன்றின் முதல் ஆசிரியர் கருணா சம்பத். ‘ஸ்குவின்ட்’ என்ற மீனில் இன்னொரு நோடல் கெட்டிருக்கிறது. தனித்தனியே இவற்றின் குறை ஓரளவுதான். இரண்டும் சேர்ந்து கெட்ட கருவிலோ, குடலை உண்டாக்கும் அடுக்கும், இதயத்தையும் தலை, உடல் பகுதித் தசைகளையும் உண்டாக்கும் அடுக்கும் ஏறக்குறைய முழுவதுமாக இல்லாமல் போகின்றன. ஒருவர் வராத அன்று பக்கத்து ஆள் அவர் வேலையையும் பார்த்திருக்கிறார்!

தாயும் இப்படித்தான் குறையை மறைக்கிறாள். முதல் மூன்று மணி நேரம் கருவின் சொந்த மரபணுக்கள் பெரும்பாலும் வேலை செய்வதே இல்லை. முட்டைக்குள் தாய் வைத்துவிட்ட, மரபணுவின் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ.யும் புரதமும்தான் எல்லாவற்றையும் நடத்துகின்றன. ‘ஒன்-ஐட் பின்ஹெட்’ என்ற மீனில் நோடல் சமிக்ஞையை வாங்கிக்கொள்ளத் தேவையான புரதம் இல்லை. ஆனால் தாய் தந்த பங்கு முட்டையில் இருப்பதால் குறை பாதிதான் தெரிந்தது. தாய்க்கே அது இல்லாதிருந்தால் என்னவாகும்? அப்படிப்பட்ட தாய் உருவாகவே முடியாது, கருவிலேயே இறந்துவிடும். எனவே ஒரு செல் நிலையிலேயே அந்த ஆர்.என்.ஏ.வை ஊசியால் செலுத்தி, கருவைக் காப்பாற்றி, வளர்த்துப் பெரிதாக்கினார்கள். அந்த மீன்களின் பிள்ளைகளுக்குத் தாயிடமிருந்தும் எதுவும் வரவில்லை, சொந்தமாகவும் இல்லை. இரண்டு நோடலும் இழந்த கருவைப் போலவே அவை இருந்தன. இந்தச் சோதனையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

2013இல் மீனின் முழு மரபணுத் தொகுதி வெளியானது. மனித மரபணுக்களில் சுமார் 70 விழுக்காட்டுக்கு மீனில் இணை உண்டு என்று தெரிந்தது. அதே ஆண்டில் கிரிஸ்பர் முறையும் மீனுக்கு வந்தது. விரும்பிய மரபணுவைக் குறிவைத்து வெட்டலாம் என்றானது. அப்போது ஒரு குழப்பம் எழுந்தது. அதற்கு முன் பத்தாண்டுகளுக்கு மேலாக, செயற்கை இழைகளைச் செலுத்தி ஒரு மரபணுவின் செய்தியைத் தற்காலிகமாக அடக்கும் முறை புழக்கத்தில் இருந்தது. அப்படி அடக்கியபோது கடுமையான குறை காட்டிய பல மரபணுக்களை, கிரிஸ்பரால் நிரந்தரமாகக் கெடுத்தபோது மீன் நன்றாகவே நீந்தியது. பழைய முடிவுகளில் சில தவறானவைதான். ஆனால் எல்லாமே தவறல்ல என்பதை ஸ்டெய்னியர் குழு 2015இலும் 2019இலும் காட்டியது. பிறழ்ந்த மரபணுவிலிருந்து வரும் பழுதான ஆர்.என்.ஏ.யைச் செல் சிதைக்கிறது. அந்தச் சிதைவே உறவுக்கார மரபணுக்களைக் கூடுதலாக வேலை செய்யத் தூண்டுகிறது. பழுதான ஆர்.என்.ஏ.கூட உருவாகாதபடி மரபணுவின் தொடக்கப் பகுதியையே நீக்கியபோது ஈடுகட்டல் நடக்கவில்லை, குறை வெளிப்பட்டது.

இது மீனோடு முடிகிற செய்தி அல்ல. ஒரு குழந்தைக்கு மரபணுச் சோதனை செய்து, ஒரு மாற்றத்தைக் கண்டு, இதுதான் நோய்க்குக் காரணமா என்று மருத்துவர்கள் தவிக்கும் சூழல் இன்று நம் மருத்துவமனைகளிலும் வந்துவிட்டது. ஒரே மாற்றம் அக்காவைப் படுக்கையில் தள்ளுகிறது, தம்பி பந்து விளையாடுகிறான். அந்தத் தம்பியின் உடலில் எந்த மரபணு எந்த இடத்தை ஈடுகட்டியிருக்கிறது என்று கேட்கும் முறை இப்போதுதான் கைக்கு வருகிறது. மீன் கூடங்களில் இனி தேட வேண்டியது குறை தெரியும் கருக்களை மட்டுமல்ல, மாற்றத்தைச் சுமந்தும் குறையே இல்லாமல் நீந்துபவற்றையும்தான். அவற்றுக்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை.

அரங்கில் மருத்துவ மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். முதல் கேள்வி உங்களிடமிருந்து வரட்டும்.